மூன்றாம் காலத்துக்குக் கீழே: சந்திரலேகாவின் ‘சரீரா’

ஒரு பெண் தரையில் மல்லாந்து படுத்திருக்கிறாள். பின்னணியில் தம்பூரா. அவள் கால்கள் மெல்லத் தரையை விட்டு மேலே வருகின்றன. நான் இதை ஒரு வரியில் எழுதி முடித்துவிட்டேன், மேடையில் அப்படிச் சட்டென்று முடியாது. பார்க்க வந்தவர் ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்து, அதற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டு, மறுபடி நிமிரும்போதும் அந்தக் கால்கள் பாதி வழியில்தான் இருக்கும். அப்புறம் அவை அகல்கின்றன. தொடைகள் இரண்டும் ஒரு முக்கோணம் வரைகின்றன. முக்கோணத்தின் திறப்பு நம் பக்கம்.

இதே நிலையை சினிமாவில் ஒரு வினாடி காட்டினால் கொட்டகை கூவும். இங்கே யாரும் கூவுவதில்லை. ஆபாசத்துக்கென்று ஒரு வேகம் இருக்கிறது, அந்த வேகத்தை இந்த மேடை தர மறுக்கிறது.

சென்னை பெசன்ட் நகரில், எலியட்ஸ் கடற்கரைச் சாலையில் இருந்த ஒரு சிறு குழு 2001-இல் உருவாக்கிய படைப்பு ‘சரீரா’. நடன அமைப்பு சந்திரலேகா. ஆடுகிறவர்கள் இரண்டே பேர், ஒரு பெண், ஓர் ஆண். இசை குந்தேச்சா சகோதரர்கள் பாடிய துருபத், இந்துஸ்தானி சங்கீதத்தின் பழைய, நிதானமான பாணி. ஒளி சதானந்த் மேனன். சுமார் ஒரு மணி நேரம். கதை கிடையாது, பாத்திரம் கிடையாது, முகபாவம் கிடையாது. சந்திரலேகாவின் கடைசிப் படைப்பும் இதுதான். 2006 டிசம்பர் 30 அன்று அவர் இறந்தார்.

இந்த ஆய்வில் நான் பார்க்க விரும்புவது ஒரே ஒரு விஷயம். சந்திரலேகாவைப் பற்றிய பேச்சில் ‘பரதத்தில் புதுமை சேர்த்தவர்’ என்ற சொற்றொடர் அடிக்கடி வரும். எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. அவர் சேர்த்தது குறைவு. அரை நூற்றாண்டாக ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தார். எடுத்து எடுத்து மிஞ்சியதுதான் ‘சரீரா’.

தண்ணீர் வந்த அரங்கேற்றம்

1928-இல் மகாராஷ்டிரத்தின் வாடாவில் பிறந்தவர் சந்திரலேகா. குஜராத்திக் குடும்பம், அப்பா மருத்துவர். சட்டப் படிப்பை விட்டுவிட்டு நடனம் கற்க சென்னைக்கு வந்தார். குரு காஞ்சிபுரம் எல்லப்பா பிள்ளை. யாரிடம் கற்றார் என்பது முக்கியம். மைலாப்பூர், அடையாறு வீடுகளின் பெண்கள் புதிதாக மேடையேறத் தொடங்கி அதிக காலம் ஆகாத நேரம் அது. தேவதாசி முறையை ஒழித்த சட்டம் 1947-இல்தான் வந்திருந்தது. ஆட்டம் குடும்பம் மாறியது, சபாவுக்குப் போனது, பெயரும் ‘சதிர்’ போய் ‘பரதநாட்டியம்’ ஆனது. கற்றுக்கொடுத்தவர்கள் மட்டும் தேவதாசிகளுக்கு ஆட்டம் பயிற்றுவித்து வந்த பழைய நட்டுவனார் மரபின் மனிதர்களாகவே இருந்தார்கள். எல்லப்பா பிள்ளை அந்த மரபுக்காரர்.

1952-இல் அரங்கேற்றம். ராயலசீமா வறட்சி நிவாரண நிதிக்காக நடந்த நிகழ்ச்சி அது. ‘மதுரா நகரிலோ’ என்ற பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கிறார். யமுனை, நீர் விளையாட்டு, கைகளில் அலை, கண்களில் குளிர்ச்சி. ஆடும்போதே அவருக்குப் பத்திரிகையில் பார்த்த வெடித்த நிலத்தின் படங்கள் நினைவுக்கு வந்துவிட்டன. தண்ணீர் இல்லாத ஊருக்குப் பணம் திரட்ட, இல்லாத தண்ணீரைக் கையால் அள்ளிக் காட்டிக்கொண்டிருக்கிறோம் என்ற உறுத்தல். பிற்காலத்தில் பல இடங்களில் அவர் இதைச் சொல்லியிருக்கிறார்.

இதை வைத்து ‘கலைக்கும் வாழ்க்கைக்கும் உள்ள இடைவெளி’ என்று பொதுவாகப் பேசிவிட்டுப் போவது சுலபம். நான் அதைத் தொழில் சார்ந்த சந்தேகமாகத்தான் படிக்கிறேன். அபிநயத்தின் வேலையே இல்லாததை இருப்பதாகக் காட்டுவது. வெறுங்கையில் குடம் வர வேண்டும், வெறும் மேடையில் ஆறு ஓட வேண்டும். அந்த வித்தையின் மேல் அன்று விழுந்த சந்தேகம் அவரை விடவில்லை. ஐம்பது ஆண்டு கழித்து ‘சரீரா’வில் இல்லாதது எதையுமே அவர் காட்டவில்லை. இரண்டு உடல்கள் இருந்தன, அவற்றைக் காட்டினார்.

உடனே ஒன்றும் நடக்கவில்லை. 1960-இல் ‘தேவதாசி’, எழுபதுகளின் தொடக்கத்தில் ‘நவக்கிரகா’ என்று சிலது செய்தார். பிறகு மேடையை விட்டே விலகினார். எழுத்து, சுவரொட்டி, வரைகலை, பெண்கள் இயக்கம், மனித உரிமை என்று வேறு ஆளாகவே இருந்தார். வடிவமைப்பாளர் தசரத் படேலும் பத்திரிகையாளர் சதானந்த் மேனனும் கூட இருந்தார்கள். ஒரு நடனக் குழுவில் ஆசிரியர், பாடகர், மிருதங்கக்காரர் இருப்பது வழக்கம். இவருடைய குழுவின் மையத்தில் ஒரு வடிவமைப்பாளரும் ஒரு பத்திரிகையாளரும். மேடையில் அந்த ஒழுங்கும் சிக்கனமும் எங்கிருந்து வந்தன என்று தேடுபவர்கள் சுவரொட்டி செய்த அந்த ஆண்டுகளைப் பார்க்கலாம். நல்ல சுவரொட்டியில் தேவையில்லாத ஒரு கோடு இருக்காது.

அங்கிகா: களரிக்காரர்கள் வந்தபோது

1984-இல் பம்பாயில் கிழக்கு மேற்கு நடனச் சந்திப்பு ஒன்று நடந்தது. ஐரோப்பாவின் நவீன நடனக்காரர்களும் இந்திய மரபுக் கலைஞர்களும் ஒரே இடத்தில் கூடினார்கள். சந்திரலேகா தன் பழைய படைப்புகளிலிருந்து சில பகுதிகளை அங்கே மறுபடி மேடையேற்றினார். 55 வயது. அடுத்த ஆண்டே ‘அங்கிகா’ வந்தது.

‘அங்கிகா’வில் அவர் செய்த பெரிய காரியம் பரதம் கற்ற பெண்களின் பக்கத்தில் கேரளப் போர்க்கலையான களரிப்பயட்டு ஆண்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. கேட்க சாதாரணமாக இருக்கும். இன்று தொலைக்காட்சி நிகழ்ச்சியில்கூட களரி ஆள் ஒருவர் குட்டிக்கரணம் போட்டுவிட்டுப் போகிறார். ஆனால் அவர் களரியைச் சாகசமாக எடுக்கவில்லை, இலக்கணமாக எடுத்தார்.

களரியில் ‘வடிவு’ என்று எட்டு உண்டு: யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு, பூனை, சேவல், மயில். விலங்கைப் போல நடிப்பதற்கான பயிற்சி அல்ல இவை. யானை வடிவில் தும்பிக்கை காட்ட வேண்டாம், யானையின் எடை எங்கே இறங்குகிறது என்று இடுப்புக்குத் தெரிந்தால் போதும். பரதத்திலும் மயில் வரும், யானை வரும், அங்கே கை சொல்லும், கண் சொல்லும். களரியில் இடுப்பும் முதுகும் சொல்கின்றன. இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் பார்ப்பவருக்கு ஒன்று புரிந்துவிடும். களரிக்காரர் தாழ்ந்து நிற்பதும் பரதக்காரர் அரைமண்டியில் உட்காருவதும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் மாதிரி. தொடை வெளிப்பக்கம் திரும்பி, முழங்கால் மடிந்து, முதுகு நேராக. ஒருவர் அடிக்கத் தயாராக நிற்கிறார், இன்னொருவர் ஆடத் தயாராக நிற்கிறார், வித்தியாசம் அவ்வளவுதான்.

(நான் நடனம் கற்றவன் இல்லை. இதை எழுதும்போது வீட்டுக் கூடத்தில் அரைமண்டியில் நின்று பார்த்தேன். இரண்டு நிமிடத்துக்கு முன்பே தொடை நடுங்கத் தொடங்கியது. அழகு என்று நாம் பார்ப்பது அந்த நடுக்கத்தை மறைத்த பயிற்சி.)

ஆணின் உடலை வாகனமாக்கி அதன்மேல் பெண் அமரும் ‘நரவாகனம்’ என்ற பகுதியும் ‘அங்கிகா’வில் உண்டு. கோயில் வாகனங்களைத் தோளில் தூக்கிப் பழகிய ஊரில் இதற்கு விளக்கவுரை தேவைப்படாது. சுலோகம் இல்லை, வசனம் இல்லை, யார் மேல் யார் என்பதுதான் சங்கதி.

அதற்குப் பிறகு தொடர்ச்சியாக வேலை செய்தார். ‘லீலாவதி’ (1989) பன்னிரண்டாம் நூற்றாண்டு பாஸ்கரரின் கணித நூலை ஆட எடுத்துக்கொண்டது. தேனீக் கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு மலருக்கு, மூன்றில் ஒரு பங்கு இன்னொரு மலருக்கு, அந்த இரண்டின் வித்தியாசம்போல மூன்று மடங்கு வேறொன்றுக்கு, ஒரு தேனீ மட்டும் வழி தெரியாமல் பறக்கிறது, மொத்தம் எத்தனை என்று கேட்கும் நூல் அது. (பதினைந்து.) ‘பிராணா’, ‘ஸ்ரீ’, ‘யந்திரா’, ‘மஹாகால்’, ‘ராகா’, ‘ஸ்லோகா’ என்று வரிசை போனது. இதில் ‘ஸ்ரீ’யை மட்டும் நிறுத்திப் பார்க்க வேண்டும். பெண்கள் முதுகு வளைந்து, குனிந்தபடியே நடந்துவரும் ஒரு பகுதி அதில் இருக்கிறது. நடவு நட்டவர்களையும் தண்ணீர் சுமந்தவர்களையும் பார்த்திருக்கும் நமக்கு அந்த நடை எங்கிருந்து வந்தது என்று தெரியும். முதுகெலும்பு நிமிர்வதுதான் சுதந்திரம் என்பது சந்திரலேகா திரும்பத் திரும்பச் சொன்ன கருத்து. அதை அவர் கொள்கையாகச் சொன்ன இடங்களைவிட அந்தக் குனிந்த நடையில் எனக்கு நன்றாகக் கேட்கிறது.

காலம்

இனி ‘சரீரா’வின் நடுப்புள்ளிக்கு வருவோம்.

பரதக் கச்சேரியின் வரிசையான மார்க்கம் தஞ்சை நால்வர் காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் உறுதிப்பட்டது. அலாரிப்பில் தொடங்கி ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், ஜாவளி, தில்லானா என்று போகும். அடவு என்ற அடிப்படை ஆட்ட அசைவுகளைக் கற்கும்போது மூன்று காலத்தில் ஆடச் சொல்வார்கள். முதற்காலத்தில் ‘தெய்யா தெய்’ நிதானமாக. இரண்டாம் காலத்தில் அதன் இரட்டிப்பு. மூன்றாம் காலத்தில் அதற்கும் இரட்டிப்பு. ரசிகரும் அப்படியே பழகிவிட்டார். தீர்மானம் என்ற தாள முத்தாய்ப்பு மூன்றாம் காலத்துக்குப் போகும்போதுதான் கை தட்டுகிறோம். ஆடுபவர் தேர்ந்தவரா என்று அங்கேதான் முடிவு கட்டுகிறோம்.

‘சரீரா’ கணக்கை மறுபக்கம் கொண்டுபோகிறது. முதற்காலத்துக்கும் கீழே, இன்னும் கீழே. அங்கே போனதும் நடனம் வேறு பொருளாக மாறிவிடுகிறது. வேகமாக உயர்த்திய காலை நாம் ‘உயர்த்திய கால்’ என்று படித்துவிட்டு நகர்கிறோம். மெதுவாக உயரும் காலில் தொடைத் தசை இறுகுவது தெரியும், அடிவயிறு ஏற்பது தெரியும், மூச்சு எங்கே நிற்கிறது என்று தெரியும். பிழையும் தெரியும். வேகம் மூடி மறைக்கும் எதையும் மெதுவாகச் செய்யும்போது மறைக்க முடியாது.

அதனால்தான் இசைக்குத் துருபத். கர்நாடக சங்கீதத்தில் ஆட்டத்துக்கென்று வளர்ந்த உருப்படிகள் சாகித்யம், அதாவது பாடல் வரிகள், கொண்டவை. சொல் வந்துவிட்டால் பொருள் வரும், பொருள் வந்தால் முகம் நடிக்கத் தொடங்கும். துருபத் ஆலாபனையில் ‘ரி’, ‘ந’, ‘தோம்’ போன்ற அசைகள்தான். ஒரு ஸ்வரத்தில் நின்று, அதன் விளிம்பைத் தடவி, அடுத்ததற்குப் போக அவசரப்படாத பாட்டு. பக்வாஜ் மேளம் சேரும்போதுகூட உடல் தாளத்தோடு ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளாமல் தன் வேகத்திலேயே நிற்க முடிகிறது. மிருதங்கத்தோடு இந்த ஒரு மணி நேரத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டாவது ஆவர்த்தனத்திலேயே நம் கால் தட்ட ஆரம்பித்துவிடும், அவ்வளவுதான், காரியம் கெட்டது.

ஆணும் பெண்ணும் மேடையில் இருக்கும்போது நாயகன் நாயகி என்ற பழைய கணக்கு தானாக வந்து உட்காரும். ‘சரீரா’வில் அது உட்கார இடம் கிடைப்பதில்லை. காத்திருப்பவள் இல்லை, ஏமாற்றியவன் இல்லை, தூது போகும் தோழி இல்லை. பல இடங்களில் தொடங்குவதும் முடிப்பதும் அவள். காமம் இருக்கிறது, அதைச் சொல்ல யாரும் யாரையும் பார்த்துக் கண் சிமிட்டவில்லை.

யார் ஆடினார்கள்

‘சரீரா’வில் பெண் பகுதியைப் பல ஆண்டுகள் ஆடியவர் திஷானி தோஷி. ஆங்கிலத்தில் எழுதும் கவிஞர், சென்னைக்காரர். சந்திரலேகாவைச் சந்தித்தபோது 26 வயது, முறையான நடனப் பயிற்சி கிடையாது. ஆண் பகுதியை ஆடிய ஷாஜி ஜான் களரியிலிருந்து வந்தவர். அதாவது, பரதத்தின் அடித்தளத்தை இவ்வளவு ஆழமாகத் தோண்டிய படைப்பில் கடைசியில் மேடையில் நின்ற இருவரில் ஒருவர்கூட பரதக்காரராக அறியப்பட்டவர் இல்லை.

சந்திரலேகாவின் நோக்கில் இது முழுத் தர்க்கம். ஐந்து வயதில் சலங்கை கட்டி, பதினைந்தில் அரங்கேறி, சிரிப்பு உதட்டில் ஒட்டிக்கொண்ட உடலிலிருந்து அந்தச் சிரிப்பைக் கழற்ற எத்தனை ஆண்டு ஆகும்? பழக்கமில்லாத உடலில் முதலிலிருந்தே எழுதுவது சுலபம். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. அப்படியானால் இது இன்னும் பரதத்தோடு நடக்கும் உரையாடலா? கேள்வி கேட்கும் பக்கம் மேடையில் இருக்கிறது, கேட்கப்பட்ட பக்கம் மேடையில் இல்லை. ‘அங்கிகா’வில் இரண்டு பக்கமும் ஒரே வரிசையில் நின்றன. படைப்பாக ‘சரீரா’ சுத்தம், வாதமாக ‘அங்கிகா’ பலம் என்பது என் கட்சி.

எலியட்ஸ் கடற்கரையில் அவர் வீட்டு வளாகத்தில் ‘மண்டலா’ என்ற அரங்கு இருந்தது. கடல் பக்கம். பெரிய சபாக்களின் டிசம்பர் சீசன் நடக்கும் மைலாப்பூரிலிருந்து அதிக தூரம் இல்லை, ஆட்டோவில் போய்விடலாம். அந்தக் கொஞ்ச தூரம்தான் குழுவைக் காப்பாற்றியது என்று தோன்றுகிறது. சபாவில் ஒரு மணி நேரத்துக்கு இன்னொருவர் காத்திருப்பார், மேடையைக் காலி செய்ய வேண்டும். சொந்தத் தரை இருந்தால்தான் ஒரு காலை உயர்த்த இவ்வளவு நேரம் எடுக்கலாமா என்று தினமும் சோதித்துப் பார்க்க முடியும். அரங்கப் பொருள், நகை, பெரிய பாட்டுக் கோஷ்டி எதுவும் தேவைப்படாத படைப்பு என்பதால் செலவும் அடங்கியது. சோதனை நாடகக் குழுக்கள் பல இடமில்லாமல்தான் செத்தன, சிந்தனை இல்லாமல் அல்ல.

உறுத்தும் இடங்கள்

இரண்டு விஷயங்கள் எனக்கு ஒத்துவரவில்லை.

ஒன்று, தலைப்புகள். அங்கிகா, லீலாவதி, பிராணா, ஸ்ரீ, யந்திரா, மஹாகால், ராகா, ஸ்லோகா, சரீரா. அரை நூற்றாண்டு சென்னையில் வாழ்ந்து, காஞ்சிபுரத்துக்காரரிடம் கற்று, ஒரு தலைப்புகூட தமிழில் இல்லை. மொழிப்பற்றுக்காகச் சொல்லவில்லை. பரதத்தை ‘பழைய சமஸ்கிருத சாஸ்திரத்தின் தூய வடிவம்’ என்று நிறுவ முப்பதுகளிலிருந்து ஒரு முயற்சி நடந்தது, நேற்றுவரை அதை ஆடிய பெண்களின் கையிலிருந்து அது விலகியதில் அந்த முயற்சிக்கும் பங்குண்டு. சந்திரலேகா அந்தப் புனிதப்படுத்தலைக் கடுமையாக எதிர்த்தவர். ஆனால் மாற்றாக அவர் போய் நின்ற இடமும் தந்திரம், யந்திரம், மண்டலம் என்று இன்னொரு சமஸ்கிருத வாசல்தான். எதிர்க்கட்சியும் அதே தெருவில் குடியிருந்தது மாதிரி.

இரண்டாவது அபிநயம். முகத்தை எடுத்துவிட்டால் பொய் போய்விடும் என்பது அவர் கணக்கு. போலிச் சிரிப்புக்கு அது சரி. ஆனால் அதே சென்னையில், அவர் மிகவும் மதித்த, தேவதாசி மரபில் வந்த பாலசரஸ்வதி, அதே முகத்தாலும் கையாலும் பதங்கள் என்ற காதல் பாடல்களில் காமத்தை எந்தக் கூச்சமும் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தார். சிருங்காரத்தை நீக்கிச் சுத்தம் செய்யக் கிளம்பியவர்களுக்கு அவர் சொன்ன பதிலும் அதுதான். பெண்ணின் இச்சையைப் பெண்ணே சொல்வதற்கு இங்கே ஏற்கனவே ஒரு மொழி இருந்தது, தெலுங்குக் கவி க்ஷேத்ரக்ஞரின் பதங்களில் விலை பேசும் பெண் வரைக்கும். சந்திரலேகா அந்த மொழியைச் சபாவின் இனிப்போடு சேர்த்துக் கழித்துவிட்டார் என்று தோன்றுகிறது.

பிறகு

குழுவில் சுமார் பத்தாண்டு ஆடிய பத்மினி செட்டூர் 2001 வாக்கில் பிரிந்து தன் படைப்புகளைத் தொடங்கினார். பந்தநல்லூர் சுப்பராயப் பிள்ளையிடம் பரதம் கற்றவர். சந்திரலேகாவின் மெதுவை எடுத்துக்கொண்டு தந்திர யந்திரச் சொற்களை அவர் விட்டுவிட்டார். அவருடைய ‘வால் டான்சிங்’ (2012) சுவரோடு சுவராக நிற்கும் உடல்களை வைத்து, பார்வையாளர்கள் நடந்து திரியும் இடத்தில் நடந்தது. குறியீடு எதுவும் இல்லை, சுவர் சுவர்தான், தோள் தோள்தான். கழித்தலை இன்னும் ஒரு படி கொண்டுபோனதாக இதைப் படிக்கலாம்.

‘சரீரா’ சந்திரலேகாவுக்குப் பிறகும் மேடையேறிக்கொண்டிருந்தது. திஷானி தோஷி அதைப் பதினைந்து ஆண்டுகள் அளவுக்கு ஆடினார். 26 வயதில் தரையை விட்டு எழுந்த அதே கால், நாற்பதை ஒட்டியும் அதே கோணத்துக்கு, அதே நிதானத்தில் எழ வேண்டியிருந்தது. பரதத்தில் வயதாகிவிட்டால் ஒரு வழி உண்டு. காலடி வேலையான ஜதியைக் குறைத்துக்கொண்டு பதத்துக்கு நகர்வார்கள், கால் விட்டதை முகம் பிடித்துக்கொள்ளும். உட்கார்ந்தபடியே ஒரு பதம் பிடித்து அரங்கை அழ வைத்த மூத்தவர்கள் இங்கே உண்டு. ‘சரீரா’வில் அந்த வழி முன்பே அடைக்கப்பட்டிருக்கிறது. தரை, தம்பூரா, மேலே போக வேண்டிய கால்.